கோட்டுக்குக் கீழே

"சதை எடுத்து அனுப்பி மூணு நாளாச்சும்மா. கேன்சரா இல்லையா, அதை மட்டும் சொல்லிருங்க. மத்ததெல்லாம் டாக்டர்கிட்ட கேட்டுக்கிறோம்."

எங்கள் லேப் கவுண்டரில் வாரம் தவறாமல் காதில் விழும் பேச்சு இது. காலையில் கொடுத்த ரத்தத்துக்கு மத்தியானமே ரிப்போர்ட் வந்துவிடுகிறது, இந்தச் சின்னத் துணுக்குக்கு ஏன் இத்தனை நாள் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. துணுக்கை ஒரு மிஷினில் போட்டால் அது 'ஆம்', 'இல்லை' என்று அச்சடித்துத் தந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி ஒன்று எங்களிடம் இல்லை. கடைசியில் ஒரு பெத்தாலஜிஸ்ட் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து, பார்த்து, யோசித்து, எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் செய்வது அந்த வேலை. பெருங்குடல் துணுக்கு ஒன்றாவது மேஜைக்கு வராத நாள் அபூர்வம்.

'அதை மட்டும்' சொல்வதுதான் இதில் கஷ்டமான பகுதி. ஏன் என்று புரிய, துணுக்கு எங்கள் கைக்கு வரும் வழியிலிருந்தே தொடங்க வேண்டும்.

கொலனோஸ்கோபி செய்கிற மருத்துவர் குழாய் வழியே நுழைத்த இடுக்கியால் கிள்ளி எடுப்பது இரண்டு மூன்று மில்லிமீட்டர் சதை. அதை அந்த நிமிடமே 10 சதவீத ஃபார்மலினில் போட்டாக வேண்டும். உடலிலிருந்து பிரிந்த செல்கள் தங்களைத் தாங்களே கரைக்கத் தொடங்கிவிடும். அதை ஃபார்மலின் நிறுத்துகிறது. அவசரத்துக்கு சலைனில் போட்டு, பஸ்ஸில் கொடுத்து அனுப்பிய பாட்டில்கள் இன்றைக்கும் வரத்தான் செய்கின்றன. அவற்றில் நான் பார்ப்பது குடலை இல்லை, குடலின் மிச்சத்தை.

அன்று இரவு முழுக்கத் துணுக்கு பிராசஸர் மிஷினுக்குள் இருக்கும். ஆல்கஹால் அதிலுள்ள நீரை எடுக்கும், சைலீன் அந்த ஆல்கஹாலை எடுக்கும், சைலீன் இருந்த இடத்தில் உருகிய பாரஃபின் மெழுகு ஏறும். காலையில் அதை மெழுகுக் கட்டிக்குள் பதிப்பார்கள். 'ப்ளாக்' என்பது இதுதான். எங்கள் டெக்னீஷியன் பணி ஓய்வை நெருங்கிக்கொண்டிருப்பவர். பதிப்பதற்கு முன் துணுக்கை ஃபோர்செப்ஸ் நுனியில் புரட்டிப் புரட்டி, எது மேற்பரப்பு, எது அடிப்பக்கம் என்று பார்த்து நிமிர்த்தி வைப்பார். இதில் அவசரப்பட்டால் வெட்டு சாய்ந்து விழும். சாய்ந்த வெட்டில், நேராக இருக்கும் சுரப்பிகள்கூடத் தனித்தனித் தீவுகளாகத் தெரிந்து புற்றுநோய் போல மிரட்டும். பிறகு ப்ளாக்கை ஐஸில் வைத்துக் குளிரவிட்டு, மைக்ரோடோமில் பூட்டிச் சக்கரத்தைச் சுற்றுவார். மூன்று நான்கு மைக்ரான் தடிமனில், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கி அதில் மூன்று நான்கு கூறு தடிமனில், மெழுகு நாடா வரும். வெட்டு சரியாக விழாவிட்டால் ப்ளாக்கின் முகத்தில் வாயால் ஒருமுறை ஊதி ஈரப்பதம் கொடுப்பார். புத்தகத்தில் தேடினால் கிடைக்காத இந்தக் கைப்பழக்கம் எல்லா லேபிலும் உண்டு. நாடாவை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட, சுருக்கம் விரிந்துகொள்ளும். அடியில் கண்ணாடி ஸ்லைடை நுழைத்து மேலே தூக்கினால் சதை அதில் ஒட்டிக்கொண்டு வரும்.

ஸ்லைடில் ஒட்டிய சதைக்கு நிறம் கிடையாது. ஹீமடாக்ஸிலின், இயோசின் என்ற இரண்டு சாயம் ஏற்றிய பிறகுதான் கண்ணுக்கு எதுவும் பிடிபடும். ஹீமடாக்ஸிலின், மெக்சிகோவின் கம்பேச்சே பகுதியில் வளரும் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து எடுப்பது. செல்லின் உட்கருவை நீலமாக்கும். மற்றதையெல்லாம் இயோசின் இளஞ்சிவப்பாக்கும். மரபணுவையே எழுத்தெழுத்தாகப் படிக்கிற காலத்திலும், உலகம் முழுக்க குடல் புற்றுநோயின் முதல் முடிவு சுமார் 150 வருடப் பழக்கமான இந்த இரண்டு சாயத்தில்தான் எடுக்கப்படுகிறது. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இனி மைக்ராஸ்கோப்.

நல்ல பெருங்குடலின் உட்படலத்தைப் பார்த்தால், எங்கள் லேபிலேயே ஸ்டாண்டில் வரிசையாகச் செருகி வைத்திருக்கும் டெஸ்ட் டியூப்கள்தான் ஞாபகம் வரும். 'கிரிப்ட்' எனப்படும் சுரப்பிக் குழல்கள் ஒன்றுக்கொன்று சம இடைவெளியில், நேராக, ஒரே உயரத்தில் நிற்கும். ஒவ்வொரு குழலின் சுவரிலும் சளி நிரம்பிய கோப்லெட் செல்கள் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். உட்கருக்கள் சிறியவை, செல்லின் அடியில் ஒடுங்கிக் கிடக்கும். குழலின் அடிமட்டத்தில் பிறக்கும் செல், மேலே ஏறி, முதிர்ந்து, நான்கைந்து நாளில் மேற்பரப்பிலிருந்து உதிர்ந்துவிடுகிறது. செல் பிரிந்து பெருகும் காட்சி அடியில்தான் தெரிய வேண்டும். மேற்பரப்பில் தெரிந்தால் நான் லென்ஸை மாற்றிக் கிட்டப் போய்ப் பார்ப்பேன்.

பாலிப் என்று நீங்கள் கேள்விப்படுவதில் ஒரு வகை அடினோமா. அதில் உட்கருக்கள் நீண்டு, பென்சில் போல மெலிந்து, கறுத்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெருக்கியடித்து நிற்கும். சளி குறைந்துவிடும். புண் ஆறும் குடலிலும் இதே கறுப்பு தெரியும் என்பதால் இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. புண் ஆறுவதாக இருந்தால் குழலின் அடியில் கலவரமாக இருந்தாலும் மேலே வர வர செல்கள் தெளிந்து முதிர்ந்துவிடும். அடினோமாவில் அந்தத் தெளிவு வராது. மேற்பரப்பு வரைக்கும் கறுப்புதான். மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இது: எந்தக் குடல் துணுக்கானாலும் மேற்பரப்பைப் பார்க்காமல் வாயைத் திறக்காதே.

அடினோமா புற்றுநோய் இல்லை. அதில் பெரும்பாலானவை புற்றாக மாறுவதும் இல்லை. மாறுகிற சிலவற்றுக்கும் அநேகமாகப் பத்து வருடத்துக்குக் குறையாமல் பிடிக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக மரபணுக்கள் பழுதாகி இந்தப் பயணம் நடப்பதை பெர்ட் வோகல்ஸ்டைன் குழுவினர் 1988-லும் 1990-லும் விளக்கிக் காட்டினார்கள். அவ்வளவு நீண்ட இடைவெளி இருப்பதால்தான் கொலனோஸ்கோபியில் பாலிப்பைக் கண்டவுடன் வெட்டி எடுத்து, வரப்போகும் புற்றுநோயை வராமலே தடுக்க முடிகிறது. இப்படி ஒரு வாய்ப்பைத் தரும் புற்றுநோய்கள் மிகச் சில.

அப்படியானால் எந்த இடத்தில் அது புற்றுநோய் ஆகிறது?

செல் பார்க்க எவ்வளவு விகாரமாக இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்வதாகத்தான் வெளியாட்கள் நினைக்கிறார்கள். பெருங்குடலைப் பொறுத்தவரை தோற்றத்தைவிட இடம்தான் பெரிது. கிரிப்ட் வரிசைக்கு நேர் கீழே, தலைமுடி அகலம்கூட இல்லாத ஒரு மெல்லிய தசைக்கோடு ஓடுகிறது. மஸ்குலாரிஸ் மியூகோசே என்று அதற்குப் பெயர். கெட்ட சுரப்பிகள் அந்தக் கோட்டுக்கு மேலேயே இருக்கும்வரை, எத்தனை கோரமாக இருந்தாலும், 'ஹை கிரேடு டிஸ்பிளேசியா' என்றுதான் எழுதுவோம். கோட்டைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கினால்தான் 'ஊடுருவிய புற்றுநோய்'. காரணம், பெருங்குடலின் உட்படலத்தில் நிணநீர்க் குழாய்கள் மிக அரிது. கோட்டுக்கு மேலே இருப்பதற்கு வெளியே போக வழி அநேகமாகக் கிடையாது. கீழே இறங்கிவிட்டால் ரத்தக்குழாயும் நிணநீர்க் குழாயும் கைக்கெட்டும் தூரத்தில். இரைப்பையில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே உட்படலத்துக்குள் இருக்கும்போதே பரவலாம் என்பதால் அந்த நிலையையே புற்றுநோய் என்கிறோம். ஒரே வயிற்றுக்குள் இரண்டு சட்டம்.

கோடு தாண்டியதை எப்படிக் கண்டுபிடிப்பது? உள்ளே நுழைந்த அந்நியனைப் பார்த்து உடல் சும்மா இருப்பதில்லை. சுரப்பிகளைச் சுற்றி, வெளிறிய நாரிழைத் திசு புதிதாக முளைத்துச் சூழ்ந்துகொள்ளும். டெஸ்மோபிளேசியா என்பார்கள். சில ஸ்லைடுகளில் சுரப்பியைத் தேடும் முன்பே இந்த வெளிறல் கண்ணில் பட்டுவிடும். பட்டதும் மனசு கொஞ்சம் கனக்கும். சுரப்பிகளின் வட்டம் குலைந்து, மூலைகள் முளைத்து, ஒன்றுக்குள் ஒன்றாகத் துளை துளையாகப் பின்னிக் கிடக்கும். அந்தத் துளைகளுக்குள் செத்த செல்களின் குப்பை இளஞ்சிவப்பும் நீலமுமாக அப்பியிருக்கும். 'அழுக்கு நெக்ரோசிஸ்' என்றே எங்கள் பாடப்புத்தகத்தில் பெயர். கல்லீரலிலோ நுரையீரலிலோ எடுத்த துணுக்கில் இதைக் கண்டால், இது குடலிலிருந்து வந்ததாக இருக்குமோ என்று முதலில் சந்தேகிப்போம்.

இப்போது அந்த இரண்டு மில்லிமீட்டர் துணுக்குக்குத் திரும்புவோம். இடுக்கி மேலோட்டமாகக் கிள்ளியிருந்தால் அதில் தசைக்கோடே இருக்காது. கோடே இல்லாத துணுக்கில் கோடு தாண்டியதா என்று நான் எப்படிச் சொல்வேன்? "குறைந்தபட்சம் ஹை கிரேடு டிஸ்பிளேசியா, ஊடுருவல் உண்டா என்று இந்தத் துணுக்கில் கணிக்க இயலவில்லை" என்று எழுதுவேன். அரை மணி நேரத்தில் அறுவை சிகிச்சை மருத்துவரிடமிருந்து போன் வரும்.

"மேடம், நான் கண்ணால பாத்தேன், குடலையே அடைச்சுக்கிட்டிருக்கு. கேன்சர்னு போட்டு விடுங்களேன்."

"நீங்க பாத்தது சரியாத்தான் சார் இருக்கும். நீங்க அனுப்புன துணுக்குல அது இல்லையே. இன்னும் கொஞ்சம் ஆழமா ஒண்ணு எடுத்து அனுப்புங்க."

நோயாளிகள் இந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு லேப்காரர்களுக்கே தெரியவில்லை என்று சலித்துக்கொள்கிறார்கள். ரிப்போர்ட்டிலேயே மிக நேர்மையான வாக்கியம் அதுதான். மருத்துவர் கண்ணால் பார்த்ததையும், ஸ்கேனையும், இந்த வரியையும் சேர்த்து வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. காம்புள்ள பாலிப் ஒன்று மலம் போகும் வேகத்தில் இழுபட்டு முறுக்கிக்கொண்டால், அதன் சுரப்பிகள் தாமாகவே கோட்டுக்குக் கீழே தள்ளப்பட்டுவிடும். பார்த்தால் ஊடுருவல் போலவே இருக்கும். ஆனால் அவை தங்களைச் சுற்றியுள்ள இயல்பான திசுவையும் கூடவே இழுத்துக்கொண்டு வந்திருக்கும். பழைய ரத்தக் கசிவின் இரும்புக்கறை பக்கத்தில் பழுப்பாகப் படிந்திருக்கும். இதைப் புற்று என்று எழுதினால் ஒருவருக்குத் தேவையில்லாமல் குடலின் ஒரு பகுதி போய்விடும். இப்படிப்பட்ட ஸ்லைடை எந்தப் பெத்தாலஜிஸ்ட்டும் தனியாகப் பார்த்து முடிப்பதில்லை. பக்கத்து அறையில் இருப்பவரிடம் எடுத்துப் போய், ஒன்றும் சொல்லாமல் நீட்டி, அவர் என்ன சொல்கிறார் என்று காத்திருப்போம்.

நம் ஊரில் வேறு சில வேஷதாரிகளும் அதிகம். முதலாவது காசநோய். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் அது கட்டி கட்டியாகத் திரண்டு, ஸ்கேனிலும் கொலனோஸ்கோபியிலும் புற்றுநோய் போலவே தெரியும். ஸ்லைடில் அழற்சிச் செல்கள் திரண்ட கிரானுலோமாவும் நடுவே தயிர்க்கட்டி போன்ற சிதைவும் இருந்தால் ரிப்போர்ட்டே வேறு. அறுவை சிகிச்சைக்குப் பதில் மாத்திரை. அடுத்தது அமீபா. பெருங்குடல் தொடங்கும் சீக்கம் பகுதியில் கட்டி, புற்றுநோயாக இருக்கலாம் என்ற குறிப்போடு எனக்கு வந்த ஒரு துணுக்கில் எங்கு தேடியும் கெட்ட சுரப்பி இல்லை. புண்ணின் மேலே ஒதுங்கிய அழுக்கில், யாரும் அக்கறையாகப் பார்க்காத அந்த ஓரத்தில், உருண்டையான பெரிய செல்கள் சில மிதந்தன. பி.ஏ.எஸ். சாயம் ஏற்றியதும் அவை ஊதாச் சிவப்பாகப் பளிச்சென்று எழுந்தன. உள்ளே விழுங்கிய சிவப்பணுக்கள் தெரிந்தன. என்டமீபா ஹிஸ்டோலிடிகா. மெட்ரோனிடசோல் மாத்திரையில் அந்தக் கட்டி கரைந்தது.

புற்றுநோய் உறுதியாகி அறுவை சிகிச்சை முடிந்தால், அடுத்து வருவது பக்கெட்டில் ஓர் அடி நீளக் குடல். நீளவாக்கில் பிளந்து, கழுவி, அட்டையில் ஊசி குத்தி விரித்து, ஒரு நாள் ஃபார்மலினில் ஊறவைப்போம். இந்தக் கட்டத்தில் மைக்ராஸ்கோப்பைவிட விரல்நுனிக்குத்தான் வேலை அதிகம். குடலை ஒட்டிய மஞ்சள் கொழுப்புக்குள் நிணநீர்க் கணுக்கள் ஒளிந்திருக்கும். சில இரண்டு மில்லிமீட்டர்கூடத் தேறாது. கொழுப்பை நசுக்கி நசுக்கி, விரலில் தட்டுப்படுவதை எல்லாம் எடுக்க வேண்டும். குறைந்தது 12 கணு வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள விதி. ஆறு கணுவைப் பார்த்துவிட்டு 'கணுக்களில் பரவல் இல்லை' என்று எழுதினால் அதை நம்ப முடியாது, ஏழாவதில் இருந்திருக்கலாம். ரிப்போர்ட் கையில் கிடைத்தால் எத்தனை கணு பார்த்திருக்கிறார்கள் என்ற வரியைத் தேடிப் பாருங்கள்.

குடல் சுவரை எவ்வளவு தூரம் துளைத்திருக்கிறது, கணுவுக்குப் போயிருக்கிறதா என்ற இரண்டே கேள்வியை வைத்து நோயாளியின் எதிர்காலத்தைக் கணிக்கலாம் என்று காட்டியவர் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் பெத்தாலஜிஸ்ட் கத்பர்ட் டியூக்ஸ். மலக்குடல் புற்றை ஏ, பி, சி என்று அவர் 1932-ல் பிரித்தார். சுவருக்குள் நின்றால் ஏ, சுவரைத் தாண்டினால் பி, கணுவுக்குப் போனால் சி. கட்டி, கணு, தொலைவுப் பரவல் என்று இன்று நாங்கள் எழுதும் டி, என், எம் கணக்கும் அந்த எலும்புக்கூட்டின்மேல் வளர்ந்ததுதான். அண்மையில் சேர்ந்தது ஒன்று உண்டு. கட்டி முன்னேறும் விளிம்பில், கூட்டத்தை விட்டுப் பிரிந்து தனியாகவோ, அதிகபட்சம் நான்கு பேர் கொண்ட சிறு கொத்தாகவோ நிற்கும் புற்றுச் செல்களை எண்ணுகிறோம். 0.785 சதுர மில்லிமீட்டர் பரப்பில் பத்து அல்லது அதற்குமேல் இருந்தால் அது பரவத் துடிக்கும் கட்டி. 2016-ல் வல்லுநர்கள் கூடி ஒப்புக்கொண்ட கணக்கு இது.

என்னைச் சங்கடப்படுத்தும் ஸ்லைடு எது என்று கேட்டால், சிக்னெட் ரிங் வகைதான். சுரப்பியே கட்டாது, தனித்தனிச் செல்கள், வயிற்றில் சளியை நிரப்பிக்கொண்டு, உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, சந்தடியில்லாமல் திசுவுக்குள் கசிந்து போயிருக்கும். நாம் தேடும் அசிங்கமான சுரப்பி அங்கே இல்லாததால் அவசரப்படும் கண் தாண்டிப் போய்விடும். மொத்தத்தில் அரிதான வகை என்றாலும், நம் நாட்டில் முப்பதுகளில் இருப்பவர்களிடம் இதை நாங்கள் பார்க்கத்தான் செய்கிறோம். மாதக்கணக்கில் 'மூலம்' என்று கைமருந்து சாப்பிட்டுவிட்டு வந்திருப்பார்கள்.

குடும்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1895-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற பெத்தாலஜிஸ்ட்டிடம் அவருடைய தையற்காரப் பெண்மணி, தன் வீட்டில் எல்லாரும் குடலிலோ கருப்பையிலோ புற்று வந்துதான் செத்தார்கள், தானும் அப்படித்தான் போவேன் என்று சொன்னார். அப்படியே கருப்பைப் புற்றில் இறந்தும் போனார். வார்த்தின் அதை வெறும் புலம்பலாக விடாமல், அந்தக் குடும்பத்தின் கிளைகளை எழுதிவைத்து 1913-ல் வெளியிட்டார். ஐம்பது வருடம் கழித்து ஹென்றி லிஞ்ச் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனார். இன்று அது 'லிஞ்ச் சிண்ட்ரோம்'.

இன்று நான் அதை நான்கு ஸ்லைடில் தேடுகிறேன். மரபணுவின் எழுத்துப்பிழையைத் திருத்தும் நான்கு புரதங்கள் உண்டு: எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6. ஒரு ஸ்லைடுக்கு ஒரு புரதம் என்று அதற்கான சாயத்தை ஏற்றுவோம். புரதம் இருந்தால் உட்கரு பழுப்பாகும். பக்கத்திலுள்ள வெள்ளணுக்கள் பழுப்பாக இருக்க, புற்றுச் செல்களின் உட்கரு மட்டும் நீலமாகவே நின்றால் அந்தப் புரதம் அங்கே தொலைந்துவிட்டது என்று அர்த்தம். எல்லாருக்கும் இது பரம்பரையால் வருவதில்லை. வயதானவர்களுக்குத் தானாகவும் தொலையும். அதைப் பிரித்தறிய மேலும் சோதனை உண்டு. பரம்பரை என்று தெரிந்தால் பிள்ளைகளுக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் கட்டி வரும் முன்பே கொலனோஸ்கோபி தொடங்கலாம். சிகிச்சையும் மாறுகிறது. 2022-ல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை, இந்தப் புரதம் தொலைந்த வகை மலக்குடல் புற்றுள்ள 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தை மட்டும் ஆறு மாதம் கொடுத்தது. 12 பேருக்கும் கட்டி மறைந்தது என்று அறிவித்தது. சில ஆயிரம் ரூபாய் செலவாகும் இந்த நான்கு சாயத்தைப் பல இடங்களில் இன்னும் கேட்டு எழுதினால்தான் போடுகிறார்கள் என்பது என் ஆதங்கம்.

துணுக்கோடு வரும் சீட்டைப் பற்றியும் ஒரு ஆதங்கம். 'குடல் பயாப்ஸி, கேன்சரா?' என்று ஒரே வரியில் வரும் சீட்டுகள் ஏராளம். வயது, எத்தனை நாளாக ரத்தம் போகிறது, எடை குறைந்ததா, முன்பு காசநோய் இருந்ததா, வீட்டில் யாருக்காவது குடலிலோ கருப்பையிலோ புற்று வந்ததா என்று தெரிந்தால் நான் ஸ்லைடில் தேடுவதே மாறும். இதை எழுத மருத்துவருக்கு நேரம் இல்லாமல் போகலாம். நீங்களே அவரிடம் நினைவூட்டிச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட் வந்த பிறகும் சந்தேகம் இருந்தால் ஸ்லைடையும் ப்ளாக்கையும் லேபில் கேட்டு வாங்கி இன்னொரு பெத்தாலஜிஸ்ட்டிடம் காட்டலாம். அதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. பார்த்து முடித்ததும் ப்ளாக்கைத் திரும்பக் கொடுத்துவிடுங்கள். வெயிலிலோ சூடான காரிலோ வைத்தால் மெழுகு உருகிப் பாழாகும். பத்திரமாக இருந்தால் பல வருடம் கழித்தும் அதிலிருந்து புதிதாக வெட்டி, புது மருந்துக்கான சோதனை செய்ய முடியும். ரிப்போர்ட்டின் மேல்மூலையில் ஒரு பயாப்ஸி எண் இருக்கும். அதை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அலமாரியில் ஆயிரக்கணக்கான ப்ளாக்குகளுக்கு நடுவில் உங்களுடையதை அந்த எண்ணை வைத்துத்தான் தேடி எடுப்போம்.